முதல் வேட்டைத் துவக்கு: ஒன்ராறியோவில் நான்கு போல்ட் அக்‌ஷன் ரைபிள்களில் எதை வாங்குவது?

பி.ஏ.எல். என்ற துவக்கு அனுமதிப் பத்திரம் தபாலில் வந்து சேர்ந்த பிறகுதான் உண்மையான குழப்பம் தொடங்குகிறது. வகுப்புக்குப் போய், எழுத்துப் பரீட்சையும் செய்முறைப் பரீட்சையும் முடித்து, முதல் விண்ணப்பத்துக்குச் சட்டம் விதித்த 28 நாள் காத்திருப்பையும் கடந்தவர், கடைச் சுவரில் வரிசையாக நிற்கும் ரைபிள்களைப் பார்த்ததும் திகைத்து நிற்கிறார். ரொறன்ரோப் பகுதியிலிருந்து மான் வேட்டைக்குப் போகத் தொடங்கியிருக்கும் நம்மவர்கள் என்னிடம் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான். சவேஜா, ரூகரா, டிக்காவா, அல்லது இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து வின்செஸ்டரா?

போல்ட் அக்‌ஷன் என்பதில் பலருக்கும் சந்தேகம் இல்லை. அது சரியான முடிவுதான். 1898ஆம் ஆண்டின் மௌசர் என்ற ஜெர்மன் ரைபிள் காட்டிய அடிப்படை இன்றும் அப்படியே நிற்கிறது: கையால் போல்ட்டை உயர்த்தி இழுத்துத் தள்ளினால் ஒரு ரவை குழலுக்குள் போகும். பாகங்கள் குறைவு, குளிரில் சிக்கும் இடங்கள் குறைவு, கழற்றித் துடைப்பதும் எளிது. 2020 மே மாதத்திலிருந்து கனடா அரசு அடுத்தடுத்து விதித்த தடைகள் பெரும்பாலும் தானியங்கி ஏற்றம் கொண்ட துவக்குகளைக் குறிவைத்தவை. சாதாரண மான் வேட்டைக்கான போல்ட் அக்‌ஷன்கள் அவற்றில் சிக்கவில்லை.

எதை வைத்து எடைபோடுவது

முதலில் இடம். துவக்கைத் தெரிவுசெய்யும் முன், வேட்டையாடப் போகும் நிலத்தைத் தெரிவுசெய்யுங்கள். ஒன்ராறியோ வனவிலங்கு முகாமைப் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பருவமும் அனுமதிக்கப்படும் ஆயுதமும் பிரிவுக்குப் பிரிவு வேறுபடும். தெற்கிலுள்ள விவசாயப் பகுதிகள் பலவற்றில் மான் பருவத்தில் ரைபிளுக்கே இடமில்லை. ஷொட்கன், வாய்வழியாக மருந்து இடிக்கும் துவக்கு, வில் ஆகியவை மட்டுமே. அதோடு தெற்குக் கவுண்டிகள் பலவற்றில் .275 கலிபருக்கு (அங்குலத்தில் குழல் துளையின் குறுக்களவு) மேற்பட்ட ரைபிளை வேட்டைக்குக் கொண்டுபோகக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. .308 ஒன்றை வாங்கிக்கொண்டு அப்படியொரு கவுண்டியிலுள்ள நண்பரின் பண்ணைக்குக் கயோட்டி என்ற காட்டு ஓநாய் வகையைச் சுடப் போனால் அது சட்டமீறல். மில்லிமீற்றரில் பெயரிட்ட 6.5 கிரீட்மோரும் .243உம் அந்த எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன. ஹலிபர்ட்டன், பரி சவுண்ட் பக்கம் போகிறவருக்கு இந்தக் கலிபர் எல்லை தொல்லை தராது. மாகாணத்தின் வேட்டை விதிச் சுருக்கம் ஆண்டுதோறும் வெளியாகிறது. அதைப் படிக்காமல் கடைப் படி ஏற வேண்டாம்.

இரண்டாவது, உடம்புக்குப் பொருந்துவது. தோளில் முட்டும் இடத்திலிருந்து விசை வரையான நீளம் சராசரி வட அமெரிக்க ஆணின் கைக்கு அளவெடுத்தது. ஏறக்குறைய 13.5 முதல் 14 அங்குலம் வரும். ஐந்தரை அடி உயரமுள்ளவர் தடித்த குளிர்ச் சட்டையையும் மாட்டிக்கொண்டு அதைத் தூக்கினால் கழுத்தை நீட்டித்தான் ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) தேட வேண்டியிருக்கும். கடையில் இப்படிச் சோதித்துப் பாருங்கள்: கடைக்காரரைக் கொண்டு துவக்கு வெறுமையானது என்று உறுதிசெய்துகொண்டு, பாதுகாப்பான திசையில், கண்ணை மூடியபடி தோளில் வையுங்கள். பிறகு கண்ணைத் திறவுங்கள். ஸ்கோப்பில் முழு வட்டமும் உடனே தெரிந்தால் அது உங்கள் அளவு. வேட்டைக்குப் போடும் சட்டையையும் கையுறையையும் அன்றைக்குக் கடைக்குக் கொண்டுபோவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

மூன்றாவது, மொத்தச் செலவு. விலைச்சீட்டில் இருப்பது பாதிக் கணக்குத்தான். நான்காவது, நவம்பர் மழையையும் டிசம்பர் குளிரையும் தாங்கும் தன்மை. ஐந்தாவது, போல்ட்டும் விசையும் சேஃப்டியும் (தவறி வெடிக்காமல் தடுக்கும் பூட்டு) கைக்கு எப்படி இருக்கின்றன என்பது. துல்லியத்தை நான் பட்டியலில் சேர்க்காதது வேண்டுமென்றுதான். இன்றைக்குப் புதிதாக விற்கப்படும் இந்த நான்கும், பொருத்தமான ரவை கிடைத்தால், 100 மீற்றரில் நாலைந்து சென்ரிமீற்றருக்குள் குண்டுகளைக் கூட்டும். ஒன்ராறியோக் காட்டில் மான் பெரும்பாலும் அந்தத் தூரத்துக்கும் கிட்டத்தான் நிற்கும். வெண்வால் மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஓர் உணவுத் தட்டின் அளவு. காகிதத்தில் அரைச் சென்ரிமீற்றர் வித்தியாசத்துக்காக 500 டொலர் கூடுதலாகக் கொடுப்பதில் அர்த்தமில்லை.

| | சவேஜ் அக்சிஸ் 2 | ரூகர் அமெரிக்கன் | டிக்கா டி3எக்ஸ் லைட் | வின்செஸ்டர் மொடல் 70 ஃபெதர்வெயிட் |
|---|---|---|---|---|
| விலை நிலை | நான்கிலும் குறைவு | நடுத்தரத்துக்குக் கீழ் | நடுத்தரம் | சவேஜைப் போல இரண்டு மடங்குக்கு மேல் |
| கட்டை (தோளிலும் கையிலும் தாங்கும் பகுதி) | பிளாஸ்ரிக், மெலிது | பிளாஸ்ரிக். இரண்டாம் தலைமுறையில் உறுதி கூடியது | பிளாஸ்ரிக், உறுதி | வால்நட் மரம் |
| ஸ்கோப் இல்லாத எடை | 3 கிலோவை ஒட்டி | 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவு | 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவு | 3 கிலோவுக்குச் சற்று மேல் |
| போல்ட் ஓட்டம் | கரகரப்பு | பழகினால் இலகு | வழுக்கிக்கொண்டு போகும் | கனதி, உறுதி |
| மழை, குளிர் | தாங்கும் | தாங்கும் | நன்கு தாங்கும் | மரத்துக்குக் கவனிப்பு வேண்டும் |
| பெரிய பலவீனம் | முன்கட்டை வளையும் | மகசினும் (ரவைப் பெட்டி) பூச்சும் | மகசின் விலை | விலை |

சவேஜ் அக்சிஸ் 2

குறைந்த காசில் சட்டப்படி ஒரு புதிய துவக்கு வேண்டும் என்றால் முதலில் கையில் தருவது இதைத்தான். விசையில் குறையில்லை. சவேஜ் 2000களின் தொடக்கத்தில் கொண்டுவந்த அக்யூட்ரிகர், விசையின் நடுவே மெல்லிய தகடு ஒன்று நிற்கும் அமைப்பு. அந்தத் தகட்டை முழுக்க அழுத்தாமல் துவக்கு வெடிக்காது என்பதால் விசையை இலேசாக வைக்க முடிகிறது. மற்றக் கம்பனிகளும் தங்கள் விசைகளைத் திருத்த வேண்டிய நிலைக்கு வந்தது அதனால்தான்.

மறைந்திருக்கும் செலவு ஸ்கோப்பில் இருக்கிறது. இந்தத் துவக்கு பெரும்பாலும் ஸ்கோப்போடு ஒரே பெட்டியாக விற்கப்படும். கடை வெளிச்சத்தில் அந்தக் கண்ணாடி தெளிவாகத்தான் தெரியும். மான் நடமாடும் விடியலின் முதல் அரை மணியிலும் பொழுது சாயும் கடைசி அரை மணியிலும் அதற்குள் பார்த்தால் எல்லாம் சாம்பல் நிறம். இரண்டாம் ஆண்டே வேறு ஸ்கோப் வாங்குவீர்கள். முதல் ஸ்கோப்புக்குக் கொடுத்த காசு வீண். முன்கட்டையை இரு விரலால் குழலை நோக்கி அழுத்தினாலே அது வளைந்து தொடுவதையும் பார்ப்பீர்கள். முட்டுக் கொடுத்துச் சுடும்போது குண்டு இடம் மாறுவதற்கு இது போதும்.

ஆண்டில் ஒரு வாரம் மட்டும் நண்பர்களோடு போகிறவர், இந்த வேட்டை தனக்குப் பிடிக்குமா என்றே இன்னும் தெரியாதவர், இடக்கைக்காரராக இருந்து குறைந்த விலையில் தேடுபவர் ஆகியோருக்கு இது நல்ல தெரிவு. ஸ்கோப் இல்லாத பெட்டியைக் கேட்டு வாங்குங்கள்.

ரூகர் அமெரிக்கன்

2012இல் வந்த துவக்கு இது. மலிவான ரைபிள் துல்லியமாக இராது என்ற பழைய எண்ணத்தை உடைத்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. கட்டைக்குள் பதித்த இரண்டு உலோகப் பாளங்களில், போல்ட் ஓடும் உலோக உடலான அக்‌ஷன் இறுக உட்காருகிறது. குழல் எதையும் தொடாமல் நிற்கிறது. போல்ட்டில் மூன்று பற்கள் இருப்பதால் 70 பாகை உயர்த்தினாலே திறந்துவிடும். ஸ்கோப்புக்கும் போல்ட்டின் பிடிக்கும் இடையே கையுறை போட்ட விரலுக்கு இடமிருக்கும்.

முதல் தலைமுறையின் குறைகள் ஊரறிந்தவை: வளையும் முன்கட்டை, பிடிப்பு நம்பிக்கை தராத சுழல் மகசின், ஈரத்தில் சீக்கிரம் பழுப்பேறும் குழல். 2023 இறுதியில் வந்த இரண்டாம் தலைமுறையில் கட்டை இறுக்கமாகி, உலோகத்துக்குச் செரக்கோட் என்ற துரு தடுக்கும் பூச்சும் வந்துவிட்டது. இரண்டும் கடைகளில் அருகருகே விற்கப்படுகின்றன. விலை வித்தியாசத்தைக் கொடுத்து இரண்டாம் தலைமுறையை எடுப்பதே நல்லது.

அதன் குழல் முனையில் வரும் பிரேக் உதைப்பைக் குறைக்கும். ஆனால் சத்தத்தைப் பக்கவாட்டில் அள்ளி வீசும். பக்கத்தில் நிற்பவரின் காது தாங்காது. குழுவாக வேட்டைக்குப் போகிறவர் அதைக் கழற்றி, மரைமூடியைப் பூட்டிக்கொள்வதே மரியாதை.

டிக்கா டி3எக்ஸ் லைட்

என்னிடம் ஒரே பதில் கேட்டால் நான் சொல்வது இது. ஃபின்லாந்தின் ரீகிமாகி நகரில் சாக்கோ ஆலையில் உருவாகிறது. டி3 2003இல் வந்தது, டி3எக்ஸ் 2016இல். வடக்கே பனியில் ரோந்து போகும் கனடிய ரேஞ்சர்கள் 1947இலிருந்து ஏந்திய லீ என்ஃபீல்டுக்குப் பதிலாக இன்று ஏந்தும் சி19 ரைபிள், இந்த டி3எக்ஸின் ஆர்க்டிக் வடிவம்தான். அதை உரிமம் பெற்றுச் செய்து கொடுத்தது ஒன்ராறியோவின் கிச்சனர் நகரிலுள்ள கோல்ட் கனடா. உறைகுளிரில் வேலை செய்யுமா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

கடையில் நான்கையும் வரிசையாக வைத்து, ஒவ்வொரு போல்ட்டையும் கட்டை விரலாலும் சுட்டு விரலாலும் மட்டும் பிடித்துப் பின்னால் இழுத்துப் பாருங்கள். டிக்காவின் போல்ட் எந்த இடத்திலும் தயங்காமல் கடைசிவரை வரும். திரும்பத் தள்ளும்போதும் பக்கவாட்டில் ஆடாது. அவசரத்தில் இரண்டாவது குண்டு தேவைப்படும்போது இந்த ஓட்டத்தின் மதிப்புத் தெரியும். ஒரே ஒரு திருகாணியால் விசையின் பாரத்தை ஏறக்குறைய ஒரு கிலோவிலிருந்து இரண்டு கிலோவுக்குள் மாற்றலாம். கையுறை போடுகிறவர் அதை மிகவும் இலேசாக்க வேண்டாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மகசினில் மூன்று ரவைதான் போகும். காட்டில் அதைத் தொலைத்துவிட்டுக் கடைக்குப் போனால், ஒரு பிளாஸ்ரிக் பெட்டிக்கு இவ்வளவா என்று வாய்விட்டுக் கேட்பீர்கள். துவக்கோடு சேர்த்து ஒன்று கூடுதலாக வாங்கி அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் வையுங்கள். சேஃப்டி போட்டால் போல்ட் பூட்டிக்கொள்ளும். புதருக்குள் நடக்கும்போது இது நல்லது. ஆனால் குழலில் இருக்கும் ரவையை வெளியே எடுக்கச் சேஃப்டியைத் தளர்த்தியே ஆக வேண்டும். குழல்வாய் எங்கே பார்க்கிறது என்பதில் அந்தக் கணம் முழுக் கவனம் வேண்டும். எடை குறைந்த துவக்கு என்பதால் .30-06 என்ற பெரிய ரவையில் வாங்கினால் தோள் நோகும்.

உயரம் குறைந்தவருக்கும் பதின்ம வயதுப் பிள்ளைக்கும் டி3எக்ஸ் கொம்பக்ட் என்று கட்டை சிறிய வடிவம் உண்டு. நீளம் 12.5 அங்குலத்தை ஒட்டி வரும். சேர்த்துத் தரும் துண்டை வைத்து நீட்டிக்கொள்ளலாம். நம் வீட்டுப் பெண்கள் பலருக்கு அளவெடுத்தது போல் பொருந்துவது இதுதான். ரூகரிலும் கொம்பக்ட் உண்டு.

வின்செஸ்டர் மொடல் 70 ஃபெதர்வெயிட்

1936இல் பிறந்த பெயர். 1964இல் செலவைக் குறைக்க அதன் அக்‌ஷனை மாற்றியபோது வேட்டைக்காரர்கள் முகம் திருப்பினார்கள். 64க்கு முந்திய மொடல் 70களுக்கு இன்றும் தனி விலை இருப்பது அதனால்தான். மௌசர் பாணிக் கொக்கி பின்னர் திரும்பி வந்தது. இன்று விற்கப்படும் மொடல் 70இலும் அதுவே இருக்கிறது. மகசினிலிருந்து எழும்பும் ரவையின் அடிவிளிம்பை அந்த நீண்ட கொக்கி அப்போதே பற்றிக்கொண்டு குழல்வரை அழைத்துச் செல்லும். துவக்கைச் சரித்துப் பிடித்தாலும் ரவை நழுவாது.

இதன் சேஃப்டிக்கு மூன்று நிலைகள். நடு நிலையில் விசை பூட்டியிருக்கும், போல்ட் மட்டும் திறக்கும். ரவையை வெளியே எடுக்கச் சேஃப்டியைத் தளர்த்தவே தேவையில்லை. நான்கிலும் நான் மிகவும் மதிக்கும் அம்சம் இது. பிள்ளைகளுக்குத் துவக்கு பழக்க நினைக்கும் தகப்பனுக்கும் தாய்க்கும் இந்த ஒன்றுக்காகவே கூடுதல் விலை தகும் என்று சொல்வேன்.

வால்நட் கட்டையின் அழகு கண்ணுக்கு நிறைவு. ஆனால் ஒரு வாரம் விடாமல் நனைந்தால் மரம் ஊதும், குறி இடம்பெயரும். பருவத்துக்கு முன்னும் பின்னும் எண்ணெய் பூசி, நனைந்த நாளில் துடைத்துக் காயவைக்கும் பழக்கம் இல்லாதவர் இதை வாங்க வேண்டாம். பேரப்பிள்ளை வரை வைத்திருக்கப் போகிறேன் என்பவருக்கு, கீறல் விழுந்தாலும் அது தன் காலத்தின் தடம் என்று நினைப்பவருக்கு, வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

எந்தக் கலிபர்

மானுக்கு மட்டும் என்றால் .243 போதும். உதைப்பு மிகவும் குறைவு. மூஸ் என்ற மிகப் பெரிய மான் இனத்துக்கு அது சிறியது. .308 மானுக்கும் மூஸுக்கும் கரடிக்கும் ஒரே விடை. ஊர்க்கடையிலும் கிடைக்கும். 2007இல் ஹோர்னடி கொண்டுவந்த 6.5 கிரீட்மோர் .308ஐவிட மெதுவாக உதைக்கும், .275 எல்லைக்குள்ளும் நிற்கும். தெற்கில் கயோட்டி, வடக்கே மான் என்று இரண்டும் செய்ய நினைக்கும் ரொறன்ரோக்காரருக்கு நான் அதையே சொல்வேன். மூஸ் அனுமதி 2021இலிருந்து புள்ளி முறையில் வழங்கப்படுகிறது. அது கைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகலாம் என்பதால் மூஸை நினைத்து முதல் துவக்கின் கலிபரைத் தீர்மானிக்க வேண்டாம். மக்னம் எனப்படும் கூடிய வலுவுள்ள ரவை எதுவும் முதல் துவக்காக வேண்டவே வேண்டாம். உதைப்புக்குப் பயந்து கண்ணை மூடும் பழக்கம் ஒருமுறை ஒட்டினால் போகாது.

விலைச்சீட்டில் இல்லாத செலவு

ஸ்கோப்புக்குத் துவக்கின் விலையில் பாதியையாவது ஒதுக்குங்கள். அதற்கான வளையங்களும் தளமும் தனி. எல்லாவற்றுக்கும் 13 வீத எச்.எஸ்.டி. விற்பனை வரி. இதற்கு மேல் சுடுதளச் சந்தா, காதுக் கவசம், சட்டம் கேட்கும் செம்மஞ்சள் மேலங்கியும் தொப்பியும். ரவைதான் ஓயாத செலவு. 20 ரவை கொண்ட பெட்டி 50 டொலரை ஒட்டி நிற்கிறது. குறி சரிசெய்யவும் ஒரு கோடை பழகவும் பத்துப் பெட்டி என்று வைத்தாலே 500 டொலர். டிக்காவுக்கும் வின்செஸ்டருக்கும் உள்ள விலை வித்தியாசம் பெரும்பாலும் இந்தக் கோடைகாலப் பயிற்சியின் செலவுதான். வின்செஸ்டரை வாங்கிவிட்டு ரவைக்குக் காசில்லாமல் நிற்பவரைவிட, ரூகரோடு கோடை முழுக்கச் சுடுதளத்தில் இருந்தவர் காட்டில் நிதானமாகச் சுடுவார். விலங்கு துடிக்காமல் விழ வேண்டும் என்ற பொறுப்பும் அங்கேதான் நிறைவேறுகிறது.

பூட்டும் அலுமாரியும் அடுத்தது. வீட்டில் துவக்கு வெறுமையாக இருக்க வேண்டும். விசைப்பூட்டு போட்டிருக்க வேண்டும், அல்லது போல்ட்டைக் கழற்றியிருக்க வேண்டும், அல்லது பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். ரவையையும் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். சட்டம் கேட்பது இவ்வளவுதான். நம் வீடுகளில் இதற்கு மேலும் ஒன்று உண்டு. போரைக் கண்ட அம்மாவோ மாமியாரோ இருக்கும் வீட்டுக்குள் துவக்கு வருவது சின்ன விஷயமில்லை. வாங்கும் முன் அவர்களிடம் பேசுங்கள். எங்கே வைக்கப்படும், திறப்பு யாரிடம் இருக்கும் என்பதைக் காட்டுங்கள். அவர்கள் மனம் ஒப்பவில்லை என்றால் அதுவும் எடைபோட வேண்டிய காரணம்தான். இரும்பு அலுமாரிக்குச் செலவிடும் சில நூறு டொலர் அந்த நிம்மதிக்காகவும் சேர்த்துத்தான்.

பழையது வாங்கலாமா

வாங்கலாம். பழைய ரெமிங்டன் 700, லீ என்ஃபீல்டு இரண்டும் நல்ல விலைக்கு வருகின்றன. ஆனால் குழலின் உள்தேய்மானத்தைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் உடன் வரவேண்டும். முதல் துவக்காகப் புதியதே பாதுகாப்பு. புதியதோ பழையதோ, விற்பவர் உங்கள் அனுமதிப் பத்திரத்தைச் சரிபார்த்து உறுதி எண் பெறாமல் கைமாற்றுவது 2022 மே மாதத்திலிருந்து குற்றம்.

வாங்கிய பிறகு

புதிய போல்ட்டுக்குள் ஆலையில் பூசிய எண்ணெயைத் துடைத்து எடுங்கள். அடிக்கும் ஊசியைச் சுற்றித் தடித்த எண்ணெய் இருந்தால் கடுங்குளிரில் அது பசையாகி, அடி பலவீனமாகும். மெல்லிய படலம் போதும். காட்டிலிருந்து வந்ததும் துவக்கைச் சூடான அறைக்குள் உடனே திறக்காதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் ஈரம் முத்து முத்தாகப் படியும், ஸ்கோப் திருகாணியிலிருந்து துரு தொடங்கும். உறையோடு சில மணி நேரம் வையுங்கள். பிறகு கழற்றித் துடையுங்கள். துப்புரவுக் கம்பியைப் போல்ட் பக்கமிருந்துதான் விட வேண்டும். வாய்ப்பக்கம் உரசினால் துல்லியம் போகும்.

கையைப் பழக்க .22 என்ற சிறு ரவை ரைபிள் ஒன்று வாங்குவது பெரிய ரவைச் செலவைக் குறைக்கும். பீற்றர்பரோவுக்கு அருகே லேக்ஃபீல்டில் சவேஜின் ஆலை இந்தச் சிறு ரைபிள்களைச் செய்கிறது. பெரிய துவக்கை எடுத்துச் சுடும் ஒவ்வொரு நாளிலும் .22ஐயும் கொண்டுபோய், முதலில் அதில் நிதானமாகச் சுட்டு விசைவிரலைப் பழக்கிக்கொண்டு பிறகு பெரியதை எடுத்தால் உதைப்பின் பயம் தானாக விலகும்.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். மத்திய ஒன்ராறியோவில் மான் ரைபிள் பருவம் நவம்பர் தொடக்கத்தில் வருகிறது. ஒக்டோபரில் கடைக்குப் போனால் கொம்பக்ட் வடிவமும் நீங்கள் தேடும் கலிபரும் தீர்ந்திருக்கும், சுடுதளத்திலும் இடம் கிடைக்காது. ஏப்ரலில் துவக்கையும் ஸ்கோப்பையும் எடுங்கள். மே மாதத்தில் இரண்டு மூன்று வகை ரவையில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பாருங்கள். எது கூட்டமாக விழுகிறதோ அதே தொகுதி எண்ணில் பத்துப் பெட்டி சேர்த்து வாங்கிவிடுங்கள்.